கரண்ட் வைக்கறதுக்கு முன்னாடி வலிக்காத பல்லையும் எடுக்கணுமா? ஈறு வியாதி இருக்கறவங்க என்ன பண்ணீங்க

ரெண்டாவதுமகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம், இதை எங்க போடணும்னு தெரியல, தப்பான இடம்னா மாத்தி விடுங்க. அப்பாவுக்கு 61 வயசு, அடிநாக்குல கேன்சர். ஆபரேஷன் இல்லாம ரேடியேஷன், கூடவே வாரா வாரம் கீமோன்னு முடிவாயிருக்கு. மொத்தம் 35 சிட்டிங், 70 கிரே (கதிரோட அளவு அது), வாரத்துக்கு அஞ்சு நாள்னு ஏழு வாரம். ஆரம்பிக்க இன்னும் 19 நாள் இருக்கு. ரேடியேஷன் அப்போ தலை அசையாம இருக்க முகத்துக்கு மாஸ்க் அளவெடுக்கறது அடுத்த வாரம்.

அதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வாங்கன்னாங்க. ஏதோ கையெழுத்து வாங்கத்தான்னு நெனச்சுப் போனோம், அங்க போனா அவங்க கோடு போட்ட ஒரு சின்னக் கம்பிய ஈறுக்குள்ள விட்டு ஒவ்வொரு பல்லா அளந்து மூணு, நாலு, எட்டு, ஏழுன்னு சொல்லிக்கிட்டே வர்றாங்க, பக்கத்துல ஒரு பொண்ணு எழுதிக்கிட்டே வருது, கடைசில அஞ்சு பல்ல எடுக்கணும்னுட்டாங்க. கீழ வலது கடைவாய்ல ரெண்டு, கீழ இடதுல ஒண்ணு, மேல ரெண்டு. அப்பாவுக்கு ஒரு வலியும் கிடையாது. தேய்க்கும்போது ரத்தம் வரும், அது எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து வருது. "வலிக்காத பல்ல எவனாவது புடுங்குவானா, எரியற வீட்டுல ஜன்னலத் தொடைக்கச் சொல்றாளா அந்த டாக்டரம்மா"ன்னு அப்பா கேக்கறார். சித்தப்பா வேற முதல்ல கேன்சரப் பாருங்க, பல்லெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்றார்.

நிஜமாவே எடுத்துத்தான் ஆகணுமா? ஈறு வைத்தியத்த ரேடியேஷன் நடக்கும்போதோ முடிஞ்ச பிறகோ பண்ணிக்க முடியாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பல்லவன்77

சிஸ்டர், நான் ஈறு டாக்டர். அப்பாவோட வாயப் பார்க்காம இந்தப் பல்ல எடு, அத விடுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஏன் அப்படிக் கேட்டாங்கன்னு சொல்றேன்.

கம்பியில வந்த நம்பர் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தோட ஆழம், மில்லிமீட்டர்ல. மூணு வரைக்கும் சரி. ஆறுக்கு மேல போனா அந்த இடத்துல எலும்பு கரைஞ்சு கீழ எறங்கியிருக்குன்னு அர்த்தம், உள்ள அழுக்கும் கிருமியும் குடியிருக்கு, பிரஷ் அங்க போகவே போகாது. வலிக்காது, அதுதான் இந்த வியாதியோட பெரிய ஏமாத்து வேலை. சாதாரண ஆளுன்னா சுத்தம் பண்ணி, தேவைப்பட்டா ஈற லேசாத் திறந்து சரி பண்ணி, வருஷக்கணக்கா அந்தப் பல்ல ஓட்டிடலாம். நானே ஓட்டியிருக்கேன்.

ரேடியேஷன் போன தாடை எலும்புல கதை வேற. உள்ள இருக்கற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிப் போகும், புதுசா எலும்பு கட்டற செல்லும் குறைஞ்சுடும், ஆக்சிஜன் பத்தாது. 1983ல மார்க்ஸ்ங்கற தாடை சர்ஜன் இத மூணு குறையா எழுதினார், ரத்தம் குறை, செல் குறை, ஆக்சிஜன் குறைன்னு. அதுக்கப்புறம் வேற விளக்கங்களும் வந்துருக்கு, ஆனா நடைமுறையில நாங்க பார்க்கறது ஒண்ணுதான், அந்த எலும்புல காயம் பட்டா ஆறாது. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ஆடற பல்ல எடுத்தா அந்தக் குழி மூடாம எலும்பு வெளிய தெரிய ஆரம்பிக்கலாம். எடுக்காம விட்டாலும், பள்ளத்துல இருக்கற சீழ் அதே எலும்புக்குத்தான் எறங்கும். இதுக்குப் பேரு ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ், எலும்பு செத்துப் போறது. மேல் தாடைய விடக் கீழ் தாடையில அதிகம், ஏன்னா அங்க ரத்த ஓட்டம் முதல்லேர்ந்தே கம்மி.

எடுக்கறதா இருந்தா இப்பவே எடுக்கணும், எடுத்த பிறகு முதல் சிட்டிங்குக்கு கொறஞ்சது ரெண்டு வாரம் இருக்கணும். உங்ககிட்ட 19 நாள் இருக்கு. இத நாளைக்கு யோசிக்கலாம்னு தள்ளாதீங்க.

கேள்விக்குறி

டாக்டர் சொல்றது பழைய பள்ளிக்கூடம். கரண்ட் வைக்கறாங்கன்னாலே வாயக் காலி பண்ணி அனுப்பற காலம் ஒண்ணு இருந்துச்சு, எங்க பெரியம்மாவுக்கு 14 பல்ல ஒரே நாள்ல எடுத்தாங்க, அதுல பாதி நல்ல பல்லு, அப்புறம் வாய் வறண்டு போய் செட்டும் நிக்கல, கடைசி வரைக்கும் கூழாத்தான் குடிச்சாங்க. எடுத்த குழி ஆறறதுக்குள்ள ரேடியேஷன் ஆரம்பிச்சா அதுவே பிரச்சினைன்னும் சொல்றாங்களே? அதுவும் போக கேன்சர் வளர்ந்துக்கிட்டு இருக்கும்போது பல்லுக்காக ட்ரீட்மெண்ட்டத் தள்ளறது பைத்தியக்காரத்தனம். அப்படியே பின்னாடி பிரச்சினை வந்தாலும் ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன், அதான் சேம்பருக்குள்ள அழுத்தத்தோட ஆக்சிஜன் குடுப்பாங்களே, அது இருக்கே.

பல்லவன்77

பெரியம்மா விஷயத்துல நீங்க கோவப்படறது நியாயம், எல்லாப் பல்லையும் எடுக்கறத நானும் ஒத்துக்க மாட்டேன். ட்ரீட்மெண்ட்டத் தள்ளச் சொல்லலையே, 19 நாளைக்குள்ள முடிங்கன்னுதானே சொன்னேன். நாள் பத்தலைன்னா கேன்சர்தான் முதல்ல, அதுல ரெண்டு கருத்து இல்ல, அந்த முடிவ எடுக்க வேண்டியவர் ரேடியேஷன் டாக்டர்.

ஆனா ஆக்சிஜன் சேம்பர் இருக்குங்கற தைரியத்துல யாரும் பல்ல விட்டுடாதீங்க. அந்தப் பேரு வந்ததே 1985ல வந்த ஒரு ஆய்வால, ரேடியேஷன் ஆனவங்களுக்குப் பல் எடுக்கும்போது பென்சிலின் மட்டும் குடுத்தவங்கள்ல 29.9 சதவீதம் பேருக்கு எலும்பு செத்துச்சு, ஆக்சிஜன் சேம்பர்ல போனவங்கள்ல 5.4 சதவீதம்தான்னு. அதுலேர்ந்து முன்னாடி 20 தடவ, பின்னாடி 10 தடவ, ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம்னு ஒரு முறையே உருவாயிடுச்சு. 2019ல ஹோபான்னு இன்னொரு ஆய்வு வந்துச்சு, ஆறு மாசத்துல சேம்பர்ல போனவங்களுக்கு 6.4, போகாதவங்களுக்கு 5.7 சதவீதம். வித்தியாசமே இல்ல.

கதிர்மேஜை

நான் ரேடியேஷன் மெஷின்ல வேலை பாக்கறவன், டாக்டர் இல்ல, டெக்னாலஜிஸ்ட். ரெண்டு பேரும் சண்டை போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேக்கணும், அந்த அஞ்சு பல்லுக்கும் எத்தன கிரே போகுது?

70 கிரேன்னா வாய் முழுக்க 70 இல்லீங்க. கட்டிக்குத்தான் 70. இப்ப இருக்கற ஐஎம்ஆர்டி, அதாவது கட்டியோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி கதிர் பாய்ச்சற மெஷின்ல டோஸ் மலை மாதிரி ஒரு இடத்துல ஏறி அடுத்த ரெண்டு செண்டிமீட்டர்ல சரசரன்னு எறங்கிடும். அடிநாக்குன்னா பக்கத்துல இருக்கற கீழ்க் கடைவாய் எலும்பு நல்லா வாங்கும். மேல முன் பல்லு ரொம்ப கம்மியா வாங்கும். பிளானிங் ஸ்கேன் மேல கலர் கலரா கோடு போட்டு ஒரு படம் இருக்கும், எந்த இடத்துக்கு எவ்வளவுன்னு அதுல தெளிவாத் தெரியும். பல் டாக்டருங்க பெரும்பாலும் அந்தப் படத்த கண்ணால பாத்ததே இல்ல, ஏன்னா யாரும் அனுப்பறதில்ல. கேன்சர் டாக்டர் "பல் பார்க்கவும்"னு ஒரு வரி எழுதுவார், பல் டாக்டர் "பார்த்தாச்சு"ன்னு ஒரு வரி எழுதுவார், நடுவுல பேஷண்ட்டோட பல்லு போகும்.

சிஸ்டர் உங்க கேஸ்ல பிளான் இன்னும் போடல, ஆனா கட்டி எந்தப் பக்கம், கழுத்துல ரெண்டு பக்கமும் போகுதா, கடைவாய் எலும்பு தோராயமா எவ்வளவு வாங்கும்னு ரேடியேஷன் டாக்டரால இப்பவே சொல்ல முடியும். கேளுங்க. கூச்சப்படாதீங்க.

இன்னொண்ணு, பல் எடுக்கறதா இருந்தா மாஸ்க் எடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. வீங்கின கன்னத்தோட மாஸ்க் எடுத்தா வீக்கம் வத்தினதும் லூசாயிடும், வீங்காத முகத்துல எடுத்துட்டு அப்புறம் பல்லு எடுத்தா மாஸ்க் முகத்த நசுக்கும். ரெண்டையும் பார்த்துட்டேன்.

பல்லவன்77

கதிர் அண்ணே, நான் முதல்லயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஒத்துக்கறேன்.

அந்த நம்பர் வந்தா கணக்கு இப்படிப் போகும். 60 கிரேக்கு மேல வாங்கற எலும்புல ஆழமான பள்ளம், வேர் பிரியற இடத்துல ஓட்டை, ஆட்டம்னு இருந்தா எடுத்துடறதுதான் நல்லது. 50க்குக் கீழன்னா ஆபத்து கம்மி, சுத்தம் பண்ணி வச்சிக்கப் பார்க்கலாம். நடுவுல இருக்கறதுக்கு ஆளப் பார்க்கணும். ஆளப் பார்க்கணும்னா, தினம் ரெண்டு வேளை ஒழுங்கா தேய்ச்சு மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து நிக்கற ஆளா, இல்ல வலி வந்தாத்தான் வருவாரா. பதினஞ்சு இருபது வருஷமா ரத்தம் வந்தும் போகாதவர்னா... மன்னிக்கணும் சிஸ்டர், அதையும் நாங்க கணக்குல எடுப்போம். சிகரெட் உண்டான்னும் கேப்போம்.

வச்சிக்கற பல்லுக்கெல்லாம் ஈறுக்கு அடியில சுத்தம் பண்ற டீப் கிளீனிங்க பல் எடுக்கற அதே நாள்லயே முடிக்கச் சொல்லுங்க. ஈற வெட்டித் திறந்து பண்ற ஃபிளாப் சர்ஜரி இப்ப வேண்டாம், ஆற நாள் இல்ல.

மழைக்கோட்டு

ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வருவேன், இதுக்கு எழுதாம இருக்க முடியல.

எனக்கு ஆறு வருஷம் முன்னாடி டான்சில்ல ரேடியேஷன், 66 கிரே. அன்னிக்கு என் ஈற யாரும் பார்க்கல, நானும் காட்டல. முடிஞ்சு ரெண்டே கால் வருஷம் கழிச்சு வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஆட ஆரம்பிச்சுது, பக்கத்துல இருந்த ஒரு பல் டாக்டர்கிட்ட போனேன், ஃபாரம்ல ஏதாவது வியாதி உண்டான்னு கேட்டிருந்துச்சு, இல்லன்னு எழுதினேன். பொய் சொல்லணும்னு இல்ல, கேன்சர்தான் சரியாயிடுச்சே, முடிஞ்சு போன கதைய எதுக்கு எழுதணும்னு நெனச்சேன். அவர் ரெண்டு நிமிஷத்துல பல்ல எடுத்து பஞ்ச வச்சு அனுப்பிட்டார். அவர் மேல தப்பே சொல்ல மாட்டேன்.

அந்தக் குழி 14 மாசம் மூடல. நாக்கால தடவினா ஆணி முனை மாதிரி எலும்பு கொரகொரன்னு நிக்கும். கெட்ட நாத்தம், பொண்டாட்டி பக்கத்துல பேசக் கூசும். அப்புறம் பழைய ஆஸ்பத்திரிக்கே போய் பென்டாக்சிஃபிலின் 400 மில்லிகிராம் ரெண்டு வேளை, கூட வைட்டமின் ஈ, நடுநடுவுல ஆன்டிபயாட்டிக்னு ஓடிச்சு. ஒரு நாள் வாய் கொப்பளிக்கும்போது கடுகு பருமன்ல ரெண்டு, அப்புறம் அரிசி நீளத்துக்கு ஒண்ணுன்னு எலும்புத் துண்டு தானா வெளிய வந்துச்சு, அதுக்கப்புறம்தான் தோல் மூடிச்சு. என்னோடது சின்ன கேஸ். அதே வார்டுல தாடையவே வெட்டி எடுத்து கால் எலும்ப வச்சுக் கட்டினவரைப் பார்த்தேன்.

அப்பாகிட்ட இத அப்படியே படிச்சுக் காட்டுங்க தங்கச்சி. ஜன்னலத் தொடைக்கற வேலை இல்ல இது. வீடு அணைஞ்ச பிறகு அதே வீட்டுலதான் குடியிருக்கணும்.

ரெண்டாவதுமகள்

படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு நாக்கால வலது பக்கம் தடவிப் பாத்துக்கிட்டே இருந்தார்.

ரேடியேஷன் டாக்டர்கிட்ட நேரா கேட்டேன், பல்லு இருக்கற எலும்புக்கு எவ்வளவு போகும்னு. அவர் கொஞ்சம் ஆச்சரியமாப் பார்த்தார், அப்புறம் ஸ்கேனத் திறந்து காட்டி, வலது கடைவாய் 60 தாண்டும், இடது கடைவாய் 50க்குக் கிட்ட வரும், மேல இருக்கற ரெண்டும் 30க்குள்ளதான்னார். அவரே பல் டாக்டருக்கு போன் போட்டார். நாலு நிமிஷம் பேசினாங்க. அந்த நாலு நிமிஷத்துல அஞ்சு பல்லு மூணாச்சு. மேல ரெண்டு தப்பிச்சுது, இடது கீழ 8 மில்லிமீட்டர் பள்ளமும் ஆட்டமும் இருக்கறதால எடுக்கறதுதான் நல்லதுன்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க. நேத்து எடுத்தாச்சு, தையல் போட்டிருக்கு, மிச்சத்துக்கு டீப் கிளீனிங்கும் ஆச்சு. 16 நாள் கையில இருக்கு. மாஸ்க நாலு நாள் தள்ளி வச்சிருக்காங்க.

கேள்விக்குறி

இத முதல்லயே பண்ணியிருந்தா எங்க பெரியம்மாவுக்கு ஏழு பல்லாவது மிஞ்சியிருக்கும். சரி விடுங்க. அப்பா நல்லபடியா வரட்டும்.

சும்மாஎட்டிப்பார்த்தேன்

நடுவுல பூந்துக்கறேன் சாரி. அம்மாவுக்கு மார்புல ரேடியேஷன் போகுது, ஈறுல ரத்தம் வருது, இதுவும் ரேடியேஷனாலயா? பல்லு எடுக்கணுமா?

கதிர்மேஜை

இல்லீங்க. ரேடியேஷன் விழற இடத்துலதான் வேலை செய்யும். மார்புக்குப் போறது தாடை எலும்பத் தொடாது. கீமோ சேர்ந்து ஓடுதான்னு பாருங்க, பிளேட்லெட் கொறஞ்சா ஈறுல ரத்தம் வரும்.

பல்லவன்77

கூடவே ஒண்ணு கேளுங்க, எலும்பு பலத்துக்குன்னு ஜோலெட்ரானிக் ஆசிட் இல்ல டெனோசுமாப் ஊசி போடறாங்களா, போடப் போறாங்களான்னு. அதுலயும் பல் எடுத்தா தாடை எலும்பு ஆறாமப் போற பிரச்சினை உண்டு, காரணம் வேற, பேரும் வேற, ஆனா முன்னாடியே பல்ல பார்த்துக்கணும்ங்கறது ஒண்ணுதான். ஊசி ஆரம்பிக்கலைன்னா இந்த வாரமே போங்க. ரத்தம் நிக்காம வந்தா பல் டாக்டர்கிட்ட இல்ல, முதல்ல கேன்சர் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ரெண்டாவதுமகள்

மூணாவது வாரம் ஓடிக்கிட்டு இருக்கு. 13 சிட்டிங் ஆச்சு. எடுத்த குழி மூணும் மூடிடுச்சு. ஆனா வாயெல்லாம் செக்கச் செவேல்னு புண்ணு, நாக்கு ஓரம் வெள்ளையா இருக்கு, ஈறுல பிரஷ் பட்டா துள்றார், ரெண்டு நாளா பல்லே தேய்க்கல. கொப்பளிக்க வீட்டுல இருந்த மவுத்வாஷக் குடுத்தேன், நெருப்பு வச்ச மாதிரி இருக்குன்னு துப்பிட்டார். இப்ப ஒருவாட்டி கிளீனிங் பண்ணினா ஈறு சரியாகுமா?

பல்லவன்77

வேண்டாம் சிஸ்டர். இப்ப ஈறுக்கு அடியில யாரும் கைய வைக்கக் கூடாது. ரெண்டாவது மூணாவது வாரத்துல ஆரம்பிக்கற இந்தப் புண்ணு ரேடியேஷன் முடியற வரைக்கும் ஏறும், முடிஞ்சு ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல பெரும்பாலும் எறங்கும். அதுவரைக்கும் நம்ம வேலை ஈறுல அழுக்கு கட்டாம பார்த்துக்கறது மட்டும்தான்.

அந்த மவுத்வாஷத் தூக்கிப் போடுங்க, ஆல்கஹால் இருக்கும். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணியில கால் டீஸ்பூன் சோடா உப்பு, அதுல பாதி சாதா உப்பு, கலக்கி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கொப்பளிக்கச் சொல்லுங்க. மருந்து மாதிரி இல்ல, ஆனா பிசுபிசுன்னு ஒட்டற எச்சிலக் கரைச்சு எடுக்கும். வலிக்கு பென்சிடமின் கொப்பளிக்கற மருந்து உண்டு, டாக்டரக் கேளுங்க. சில இடத்துல லேசர் வெளிச்சம் காட்டி புண்ணக் குறைக்கறாங்க, அங்க இருக்கான்னும் கேளுங்க.

குளோர்ஹெக்சிடின்னு கிருமி கொல்லற கொப்பளிக்கற மருந்து பத்தி யாராவது சொல்வாங்க. அது வாய்ப்புண்ணுக்கு மருந்து இல்ல, நெறைய பேர் அப்படி நெனச்சு புண்ணு மேல ஊத்தி எரிச்சலத்தான் வாங்கறாங்க. பிரஷ்ஷே தொட முடியாத நாள்ல ஈறுல அழுக்கு சேராம இருக்க, ஆல்கஹால் இல்லாதது, டாக்டர் சொன்னா மட்டும்.

நாக்கு ஓரத்துல வெள்ளை தடவினா உரிஞ்சு வருதான்னு டாக்டர் பார்க்கட்டும், பூஞ்சையா இருக்கலாம், அதுக்குத் தனி மருந்து. நிஸ்டாட்டின் குடுத்தா குளோர்ஹெக்சிடினையும் அதையும் அடுத்தடுத்து ஊத்தாதீங்க, ஒண்ணு இன்னொண்ணக் கெடுக்கும், நடுவுல நல்லா இடைவெளி விடணும்.

பல் வலி, வீக்கம்னு திடீர்னு வந்தா பல் எடுக்க ஓடாதீங்க. மருந்தாலயோ வேர் சிகிச்சையாலயோ தள்ள முடியுமான்னுதான் பார்ப்பாங்க, அதுக்கும் முன்னாடி ரத்த அணு எண்ணிக்கை பார்க்கணும், கீமோ ஓடுது இல்லியா. காய்ச்சல் வந்தா ராத்திரின்னு பார்க்காம போங்க.

மழைக்கோட்டு

தங்கச்சி, பல் தேய்க்கறதுக்கு ஒரு வழி. வலி மரத்துப் போற ஜெல்லோ கொப்பளிக்கற மருந்தோ குடுத்திருப்பாங்க இல்ல, சாப்பிடறதுக்கு முன்னாடி மட்டும் போடுவாங்க, அத தேய்க்கறதுக்கு முன்னாடியும் போடச் சொல்லுங்க. குழந்தைங்க பிரஷ், ரொம்ப மெத்துன்னு இருக்கறது, அதையும் வெந்நீர்ல ரெண்டு நிமிஷம் ஊற வச்சுட்டு. நுரை வராத பேஸ்ட் கேளுங்க, நுரைக்குப் போடற எஸ்எல்எஸ்தான் பாதி எரிச்சல். புதினா வாசனை எல்லாம் மறந்துடுங்க, எனக்கு அன்னிக்கு புதினா ஆசிட் மாதிரி இருந்துச்சு. ஒரே மூச்சுல எல்லாப் பல்லும் வேண்டாம், காலைல கீழ, மதியம் மேலன்னு பிரிச்சு. பட்டினி கிடந்தாலும் பிரஷ் விடாதீங்கன்னு எனக்கு யாராவது சொல்லியிருக்கணும்.

கதிர்மேஜை

அடைச்ச உலோகப் பல்லோ கேப்போ இருந்தா அதுக்கு நேர் எதிர்ல கன்னத்துலயும் நாக்குலயும் புண்ணு ஜாஸ்தியா இருக்கான்னு பாருங்க. உலோகத்துல பட்டு கதிர் கொஞ்சம் திரும்பி அடிக்கும், ஒட்டி இருக்கற தோலுக்குக் கூடுதலா போகும். சில மில்லிமீட்டர் தள்ளி வச்சாலே போதும், அதுக்குப் பல்லு மேல மாட்டற மெல்லிசான ஒரு உறை செஞ்சு குடுக்கலாம். இப்ப பாதியில முடியுமான்னு தெரியாது, மாஸ்க்குள்ள வாய் நிலை மாறக்கூடாது, டீம்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

ரெண்டாவதுமகள்

35 முடிஞ்சுது. ஆறு கிலோ எறங்கிட்டார். ஆனா ஒரு நாள் கூட நிக்கல. பிரஷ் ஒருநாள் விட்டா கூட நான் இங்க வந்து சொல்வேன்னு மிரட்டி வச்சிருந்தேன், உங்க எல்லாரையும் ஏதோ போலீஸ் ஸ்டேஷன்னு நெனச்சுக்கிட்டு இருக்கார்.

ரெண்டாவதுமகள்

நாலு மாசம் கழிச்சு வரேன். ஸ்கேன் சுத்தமா இருக்கு!!! எல்லாருக்கும் நன்றி.

இப்ப பிரச்சினை, வாய் காஞ்சு கெடக்கு, தண்ணி பாட்டில் இல்லாம ரூமுக்கு ரூம் கூட போறதில்ல. பல் டாக்டர் டிரே செஞ்சு குடுத்து 5000 பிபிஎம் ஃபுளோரைடு ஜெல் தினம் ராத்திரி போடச் சொல்லியிருக்காங்க. வலது பக்கம் முன்னாடி 4 இருந்த ஒரு பள்ளம் இப்ப 5. டீப் கிளீனிங் பண்ணணும்னாங்க. சொந்தத்துல ஒருத்தர் ரேடியேஷன் ஆன ஈற ஆயுசுக்கும் தொடவே கூடாதுன்னு பயமுறுத்தறார்.

கேள்விக்குறி

இந்த ஒரு விஷயத்துல அந்த சொந்தக்காரர் பக்கம்தான் நான். மழைக்கோட்டு கதையப் படிச்ச பிறகும் கம்பியும் கொக்கியுமா உள்ள விட்டுக் கெளறணுமா?

பல்லவன்77

மழைக்கோட்டு அண்ணனுக்கு ஆனது பல் எடுத்ததால. எலும்பு திறந்துச்சு. கிளீனிங்ல எலும்பு திறக்காது, வேர் மேல ஒட்டியிருக்கற காறையத்தான் எடுக்கறோம். ரெண்டையும் ஒண்ணாப் பார்க்கறதுதான் இங்க நடக்கற பெரிய தப்பு, ஜனங்க மட்டும் இல்ல, பல் டாக்டருங்கள்லயே பாதிப் பேர் ரேடியேஷன்னு கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடறாங்க. அனுப்பினா என்ன ஆகும்? அந்த 5 அடுத்த வருஷம் 7 ஆகும், அதுக்கடுத்த வருஷம் ஆடும், அப்ப எடுத்துத்தான் ஆகணும். எந்த நாளத் தவிர்க்க பயந்தோமோ அந்த நாளுக்கு நாமளே நடந்து போறோம்.

ரேடியேஷன் பட்ட பக்கத்துல பல்லப் புடிச்சிருக்கற ஈறும் எலும்பும் மத்த பக்கத்த விட வேகமா எறங்கும், அதுவும் இல்லாம எச்சில் இல்ல, எச்சில் இல்லைன்னா அழுக்கு கெட்டியா ஒட்டும். அதனால மத்தவங்களுக்கு ஆறு மாசம்னா இவருக்கு மூணு மாசம். மென்மையா, ஈறக் கிழிக்காம, தேவைப்பட்டா ரெண்டு மூணு தடவையாப் பிரிச்சு. செய்யறவருக்கு எந்தப் பக்கம் எத்தன கிரேன்னு தெரிஞ்சிருக்கணும். யோசிச்சு யோசிச்சு செய்ய வேண்டியது ஃபிளாப் சர்ஜரி, பல் எடுக்கறது, இம்பிளாண்ட் இந்த மூணும்தான், அதுவும் 60க்கு மேல வாங்கின பக்கத்துல.

எக்ஸ்ரேல வேரைச் சுத்திக் கருப்புக் கோடு அகலமாத் தெரிஞ்சா பதறாதீங்க, ரேடியேஷன் ஆன தாடையில ஈறு வியாதி இல்லாமலும் அப்படித் தெரியறதுண்டு. கம்பியால அளந்து பார்த்துதான் முடிவு பண்ணணும்.

ஃபுளோரைடு ஆயுசுக்கும். போட்ட பிறகு அரை மணி எதுவும் வாயில வேண்டாம். எச்சில் இல்லாத வாயில பல்லு ஈறோரமா கழுத்துல சொத்தையாகி ஒடிஞ்சு விழும், மூணு மாசத்துலயே ஆரம்பிக்கும், அப்புறம் ஈறக் காப்பாத்தி என்ன பிரயோஜனம்.

கதிர்மேஜை

எச்சில் கொஞ்சமாவது திரும்ப வாய்ப்பு இருக்கு சிஸ்டர், நம்பிக்கைய விடாதீங்க. காதுக்குக் கீழ இருக்கற எச்சில் சுரப்பிக்கு சராசரி 26 கிரேக்குள்ள வச்சா அது மெதுவா எழுந்துக்கும், பிளான் போடும்போது அதுக்குத்தான் நாங்க உசுரக் குடுக்கறது. 2011ல பார்ஸ்போர்ட்னு ஒரு ஆய்வு, ஒரு வருஷம் கழிச்சு வாய் ரொம்ப காஞ்சிருந்தவங்க பழைய முறையில 74 சதவீதம், ஐஎம்ஆர்டியில 38 சதவீதம். அப்பாவோட பிளான்ல சுரப்பிக்கு எவ்வளவு போச்சுன்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

மழைக்கோட்டு

எழுதி வாங்கிக்குங்கன்னதும் ஞாபகம் வந்துச்சு. நான் இப்ப பர்ஸ்ல ஒரு அட்டை வச்சிருக்கேன். எந்த வருஷம், எத்தன கிரே, எந்தப் பக்கம், யாரக் கேக்காம பல் எடுக்கக் கூடாதுன்னு நாலு வரி. பத்து வருஷம் ஆனாலும் அந்த எலும்பு பழைய எலும்பு ஆகாது, நமக்குத்தான் மறந்து போகும். அப்பாவுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க.

அப்புறம் வாய் எவ்வளவு திறக்குது? மூணு விரல் செங்குத்தாப் போகுதா?

ரெண்டாவதுமகள்

ரெண்டு விரல் போகுது, மூணாவது போகல அண்ணா. அதனாலதான் போன தடவ கடைசிப் பல்லுக்குப் பின்னாடி டாக்டரம்மாவால சுத்தம் பண்ணவே முடியல.

பல்லவன்77

பார்த்தீங்களா, ஈறு வைத்தியத்துக்குப் பெரிய எதிரியே இதுதான், கருவி உள்ள போகலைன்னா எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. 35 மில்லிமீட்டருக்குக் கீழன்னா இறுக்கம்னு கணக்கு. தாடைப் பயிற்சி இன்னிக்கே ஆரம்பிங்க, தள்ளத் தள்ள நாரு மாதிரி இறுகிடும். ஐஸ் குச்சிங்கள அடுக்கி கடைவாய்ப் பக்கமா நடுவுல வச்சு புடிக்கறது, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு கூட்டறது, அது நல்ல முறை. வலி வந்தா நிறுத்தணும், முன் பல்லு மேல வச்சு நெம்பக் கூடாது. எப்படின்னு ஃபிசியோ ஒருவாட்டி காட்டித் தரட்டும்.

ரெண்டாவதுமகள்

பதினொண்ணாவது மாசம். வலது பக்கப் பள்ளம் 4க்கு எறங்கிடுச்சு. மேல தப்பிச்ச ரெண்டு பல்லும் கெட்டியா இருக்கு, அதுலதான் மெல்றார். அட்டை பர்ஸ்ல இருக்கு, கேக்காத ஆளுக்கெல்லாம் எடுத்துக் காட்டறார், போன வாரம் முடி வெட்டப் போன இடத்துல கூட காட்டியிருக்கார்.

ஐஸ் குச்சி 12ல ஆரம்பிச்சார், இன்னிக்கு 18. மழைக்கோட்டு அண்ணா, உங்களுக்கு எத்தனைன்னு அப்பா கேக்கச் சொன்னார்.

மழைக்கோட்டு

21ன்னு சொல்லுங்க. நிஜமா 19தான், ஆனா 21ன்னு சொல்லுங்க.